முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா, இரண்டையும் கலப்பதா?

குடிமைப் பணித் தேர்வுக்கான யுபிஎஸ்சி (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்) விண்ணப்பத்தில் இரண்டு இடங்களைப் பலரும் இரண்டே நிமிடத்தில் நிரப்பிவிடுகிறார்கள். முதன்மைத் தேர்வை எந்த மொழியில் எழுதப் போகிறீர்கள் என்பது ஒன்று. விருப்பப் பாடம் எது என்பது இன்னொன்று. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் என்ன படிக்கப் போகிறோம், எப்படி எழுதப் போகிறோம், எங்கே திணறப் போகிறோம் என்பதையெல்லாம் அந்த இரண்டு இடங்கள்தான் முடிவுசெய்கின்றன.

நான் முதன்மைத் தேர்வை இரண்டு முறை எழுதியவன். முதல் முறை ஆங்கிலத்தில், அடுத்த முறை தமிழில். இறுதிப் பட்டியலில் என் பெயர் வரவில்லை. இப்போது எங்கள் ஊர் நூலகத்தில் மாலை வேளைகளில் தயாராகும் பிள்ளைகளின் பயிற்சி விடைகளைப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். இந்த மொழிக் கேள்வியைக் கேட்காத பிள்ளை அங்கே இல்லை. கேட்பவர்களில் பெரும்பாலோர் விதி என்ன சொல்கிறது என்று பார்க்காமலேயே பாதி முடிவோடு வருகிறார்கள் என்பதால் விதியிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல்நிலைத் தேர்வில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிடையாது. இரண்டு வினாத்தாள்களும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகின்றன. பொது அறிவுத் தாளில் 100 கேள்விகள், 200 மதிப்பெண். சிசாட் எனப்படும் இரண்டாம் தாளில் 80 கேள்விகள், அதற்கும் 200 மதிப்பெண். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம். தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு பிடிக்கப்படும். சிசாட் தகுதித் தாள்தான், 33 விழுக்காடு எடுத்தால் போதும். அந்த 33 விழுக்காட்டில்தான் தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் பலர் வழுக்குகிறார்கள். அதில் வரும் ஆங்கிலப் பத்திகளை விரைந்து படித்துப் பொருள் கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு வாய்த்திருக்காது.

முதன்மைத் தேர்வில் ஒன்பது தாள்கள். அவற்றில் இந்திய மொழித் தாளும் ஆங்கிலத் தாளும் தலா 300 மதிப்பெண், இரண்டும் தகுதித் தாள்கள். இவற்றில் 25 விழுக்காடு, அதாவது 75 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்றத் தாள்களின் மதிப்பெண் கணக்கில் வராது. கணக்கில் வருபவை கட்டுரை 250, பொதுத் தாள்கள் நான்குக்கும் சேர்த்து 1,000, விருப்பப் பாடத்தின் இரண்டு தாள்களுக்கு 500. ஆக 1,750. ஆளுமைத் தேர்வின், அதாவது நேர்காணலின் 275 சேர்ந்தால் 2,025. நீங்கள் எடுக்கும் மொழி முடிவு அந்த 1,750-ஐயும் தொடுகிறது.

இந்த 1,750-க்கான விடைகளை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஏதாவது ஒன்றிலோ எழுதலாம். ஆனால் தாளுக்கு ஒரு மொழி என்று மாற்றிக்கொள்ள முடியாது. இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. பொதுத் தாள்களையும் கட்டுரையையும் தமிழில் எழுதுபவர் விருப்பப் பாடத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதலாம். பொதுத் தாள்களை ஆங்கிலத்தில் எழுதுபவரும் தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்தால் அதைத் தமிழில்தான் எழுத வேண்டும். பொதுத் தாள்களை ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் பொருளாதாரத்தையோ வரலாற்றையோ தமிழில் எழுத வழியில்லை. எனவே உண்மையில் மூன்று பாதைகள்தான் இருக்கின்றன: முழுக்க ஆங்கிலம்; பொதுத் தாள்கள் ஆங்கிலத்தில், விருப்பப் பாடம் தமிழ் இலக்கியம்; பொதுத் தாள்களும் கட்டுரையும் தமிழில்.

இந்த மூன்றாவது பாதை யாரோ போட்ட சலுகை என்று நினைக்க வேண்டாம். தேர்வு முறையை ஆராய்ந்த கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி 1979-ல் இன்றைய மூன்று கட்ட முறை வந்தபோதே, எட்டாவது அட்டவணை மொழிகளில் விடை எழுதும் உரிமையும் வந்தது. தேர்வை முழுவதும் தமிழிலேயே எழுதி முதன்முதலாக வென்ற ஆர். பாலகிருஷ்ணன் 1984-ல் பணியில் சேர்ந்து ஒடிசாவில் உயர் பொறுப்புகள் வகித்தார். 2013 மார்ச்சில் ஆணையம் இந்த உரிமையில் கை வைத்தது. ஒரு மொழியைக் குறைந்தது 25 பேராவது தேர்ந்தெடுக்க வேண்டும், பட்டப்படிப்பையும் அதே மொழியில் படித்திருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் வந்தன. நாடாளுமன்றத்திலும் வெளியிலும் எதிர்ப்பு எழுந்ததும் அவை திரும்பப் பெறப்பட்டன. போராடிக் காப்பாற்றிய உரிமை இது. அதனாலேயே எல்லோரும் இதைப் பயன்படுத்தியாக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்களுக்குப் பொருந்துமா என்று மட்டும் பார்க்கச் சொல்வேன்.

முழுக்க ஆங்கிலத்தில் எழுதும் பாதையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. படிக்கும் மொழியும் எழுதும் மொழியும் ஒன்றாகவே இருக்கும். பொருளாதார ஆய்வறிக்கை, பட்ஜெட் உரை, ஆணையங்களின் அறிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. என்சிஇஆர்டி பாடநூல்களும் அப்படித்தான். மாதிரித் தேர்வுகளுக்குப் பஞ்சமில்லை. கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் யோசித்து எழுதும் பழக்கம் உள்ளவர்கள் தயங்காமல் இதிலேயே போகலாம். தமிழில் எழுதவில்லையே என்ற குற்ற உணர்வு தேவையே இல்லை. மாவட்ட ஆட்சியராகி மக்களிடம் நல்ல தமிழில் பேசினால் அதுவும் மொழிக்குச் செய்யும் பணிதான்.

யோசிக்க வேண்டியவை மற்ற இரண்டும்தான்.

தமிழில் எழுதினால் மதிப்பெண் குறையும் என்ற பேச்சு எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் சுற்றுகிறது. இதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆணையம் தாள்வாரியான மதிப்பெண்ணைத் தருகிறதே தவிர, திருத்திய விடைத்தாளைக் காட்டுவதில்லை. காட்ட வேண்டிய கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2018-ல் சொல்லிவிட்டது. ஆகவே மொழியால்தான் மதிப்பெண் போனதா, விடையின் தரத்தால் போனதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நான் திருத்திய தமிழ் விடைகளில் கண்ட குறைகளைச் சொல்கிறேன். அவை உங்கள் கையில் இருப்பவை.

முதல் குறை கலைச்சொல். பொருளாதார விடையில் 'நிதி' என்ற ஒரே சொல் எத்தனை வேலை செய்கிறது, பாருங்கள். நிதிக் குழு, நிதிக் கொள்கை, நிதிப் பற்றாக்குறை, பேரிடர் நிவாரண நிதி. ஆங்கிலத்தில் ஃபைனான்ஸ், ஃபிஸ்கல், ஃபண்ட் என்று மூன்றாகப் பிரிந்து நிற்பவை தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. எழுதும் பிள்ளைக்கு எது எது என்று தெரியும். ஒரு விடையில் ஏழெட்டு முறை 'நிதி' வந்தால் படிப்பவர் குழம்பிப்போவார். அரசியலமைப்பு விடையிலும் இதே சிக்கல்தான். 12-ஆம் உறுப்பு சொல்லும் 'அரசு', நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி அமைப்புகள் வரை எல்லாவற்றையும் உள்ளடக்கியது. அடுத்த வரியிலேயே ஆட்சியில் இருக்கும் அரசாங்கத்தையும் 'அரசு' என்று எழுதினால் வாதமே தடம் புரண்டுவிடும். 'அரசாங்கம்' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. அதைக் கொண்டு பிரித்து எழுதப் பழக வேண்டும்.

விதியும் இங்கே கொஞ்சம் கைகொடுக்கிறது. கலைச்சொல்லுக்குப் பக்கத்தில் அதன் ஆங்கிலச் சொல்லை அடைப்புக்குறிக்குள் எழுதலாம். ஆனால் கலைச்சொல்லுக்கு மட்டும்தான். இந்த அனுமதியை மீறிப் பயன்படுத்தினால் மொத்த மதிப்பெண்ணில் பிடித்தம் உண்டு, மிஞ்சினால் விடைத்தாளே திருத்தப்படாது என்று அறிவிக்கையிலேயே இருக்கிறது. ஒரு விடைக்கு இரண்டு மூன்று அடைப்புக்குறிக்கு மேல் போக வேண்டாம் என்பது நான் பிள்ளைகளுக்குப் போடும் எல்லை.

இரண்டாவது குறை வேகம். பொதுத் தாள் முதல் மூன்றில் தலா 20 கேள்விகள். பத்துக் கேள்விகள் 10 மதிப்பெண்ணுக்கு 150 சொற்களில், பத்துக் கேள்விகள் 15 மதிப்பெண்ணுக்கு 250 சொற்களில். மூன்று மணி நேரத்தைப் பங்கிட்டால் சிறிய கேள்விக்கு 7 நிமிடம், பெரிய கேள்விக்கு 11 நிமிடம். யோசிப்பதும் அதற்குள்தான். தமிழ்ச் சொற்கள் அடர்த்தியானவை. 'செயல்படுத்தப்படாதவற்றை' என்பது ஒரு சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஆறு சொல் வேண்டும். சொல் எண்ணிக்கையில் இது நமக்கு லாபம், 150 சொல்லில் நிறையச் சொல்லலாம். கைக்கு வந்தால் கதை வேறு. அந்த ஒரு சொல்லில் 14 எழுத்துகள், கொம்பும் காலும் புள்ளியும் வேறு. என் முதல் தமிழ்த் தாளில் கடைசி மூன்று கேள்விகளுக்கு நேரமில்லாமல் போனதற்கு இதுவே காரணம். செயப்பாட்டுவினையைக் குறைத்து, நேராக எழுதினால் வேகம் தானாக வரும். 'அரசால் திட்டம் செயல்படுத்தப்படவில்லை' என்பதை 'அரசு திட்டத்தைச் செயல்படுத்தவில்லை' என்று எழுதினால் எழுத்தும் மிச்சம், கருத்தும் தெளிவு.

மூன்றாவது, நூல்கள். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனத்தின் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் நூல்கள் உறுதியான அடித்தளம் தருகின்றன. அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பும் மத்திய அரசின் பத்திரிகைச் செய்திகளும் தமிழில் கிடைக்கின்றன. அதற்கு மேலே போனால் ஆங்கிலம்தான். அதாவது ஆங்கிலத்தில் படித்து, தமிழில் குறிப்பெடுத்து, தமிழில் எழுத வேண்டும். தேர்வறையில் கேள்வியும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் அச்சாகியிருக்கும். எனவே தமிழைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கிலத்திலிருந்து தப்பிக்கலாம் என்று எண்ணுபவர்கள் இந்தப் பாதையில் வரக் கூடாது. ஆங்கிலம் புரியும், ஆனால் எழுத வரும்போது கை தடுமாறுகிறது என்பவர்களுக்கான பாதை இது.

இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். ஒரு பெண், அரசு கலைக் கல்லூரியில் தமிழ் வழியில் வரலாறு படித்தவர். ஆங்கிலத்தில்தான் எழுதுவேன் என்று பிடிவாதமாக இருந்தார். அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு பற்றி ஒரு 10 மதிப்பெண் கேள்வி கொடுத்தேன். ஏழு நிமிடத்தில் ஐந்து வரி. 1973-ன் கேசவானந்த பாரதி வழக்கைச் சொல்லியிருந்தார், அதற்கு மேல் நகரவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்து, அதே கேள்விக்குத் தமிழில் எழுதச் சொன்னேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. கோலக்நாத் வழக்கில் தொடங்கி, 42-ஆவது திருத்தம், மினர்வா மில்ஸ் வழக்கு என்று வரிசையாக வந்து, நாடாளுமன்றத்தின் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை ஏன் வேண்டும் என்ற தன் கருத்தையும் கடைசியில் எழுதியிருந்தார். அறிவு முழுவதும் உள்ளே இருந்திருக்கிறது. ஆங்கிலம் அதை வெளியே விடவில்லை. “அண்ணா, இது எனக்குத் தெரியும் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது” என்றார்.

இன்னொருவர் பொறியாளர். தமிழ்ப் பற்று மிகுந்த வீட்டில் வளர்ந்தவர், தமிழில்தான் எழுதுவேன் என்று வந்தார். அரசு தன் கடனையும் பற்றாக்குறையையும் படிப்படியாகக் கட்டுக்குள் கொண்டுவருவதைப் பற்றிய கேள்வி. இரண்டாவது வரியிலேயே பேனா நின்றுவிட்டது. பொருள் மனத்தில் ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது. அதைத் தமிழாக்கிக்கொண்டே எழுதியதால் சொல் சொல்லாக நின்று நின்று வந்தது. பதினொரு நிமிடத்தில் முக்கால் பக்கம். அதிலும் ஒவ்வொரு வாக்கியமும் மொழிபெயர்ப்பு வாடையோடு. அவருடைய பற்றில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பதினான்கு ஆண்டுகள் அவர் எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் படித்திருக்கிறார். ஓராண்டுப் பயிற்சியில் அதைத் திருப்ப முடியாது.

அவருக்குத்தான் நடுப் பாதை பொருந்தும். பொதுத் தாள்களை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, 500 மதிப்பெண்ணுக்குத் தமிழ் இலக்கியம். விருப்பப் பாடப் பட்டியலில் 25 துறைகளும் 23 மொழி இலக்கியங்களும் இருக்கின்றன. தமிழ் இலக்கியத்தின் பெரிய வசதி, பாடத்திட்டம் வரையறுக்கப்பட்டது என்பது. குறுந்தொகையில் முதல் 25 பாடல்கள், புறநானூற்றில் 182 முதல் 200 வரை, சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டம், கம்பராமாயணத்தில் கும்பகர்ணன் வதைப் படலம், திருப்பாவை முழுவதும் என்று எல்லை போட்டுத் தந்திருக்கிறார்கள். பாரதியாரின் கண்ணன் பாட்டிலிருந்து நாட்டுப்புறக் கதைப்பாடல் வரை பின்பகுதியில் வருகிறது. நாள்தோறும் செய்தித்தாளைத் துரத்த வேண்டியதில்லை. ஒரு முறை ஆழமாகப் படித்த குறிப்பு அடுத்த முயற்சிக்கும் அப்படியே உதவும்.

பொதுத் தாள்களோடு இதற்குத் தொடர்பே இல்லை என்று புவியியலையும் பொது நிர்வாகத்தையும் சிபாரிசு செய்பவர்கள் சொல்வார்கள். புவியியல் முதல் தாளுக்கும் மூன்றாம் தாளுக்கும் நேரடியாக உதவுகிறது, பொது நிர்வாகம் இரண்டாம் தாளுக்கும் நான்காம் தாளுக்கும் உதவுகிறது என்பது உண்மைதான். ஆனால் தமிழ் இலக்கியத்துக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. திருக்குறளில் பாடமாக வைத்திருப்பது இறைமாட்சி முதல் அவையஞ்சாமை வரை 35 அதிகாரங்கள். அமைச்சு, தூது, செங்கோன்மை, தெரிந்து செயல்வகை எல்லாம் அதில் அடக்கம். அறநெறி பற்றிய நான்காம் பொதுத் தாளில் வரும் நிர்வாகச் சிக்கல்களுக்கு இதைவிட நெருக்கமான பாடம் வேறு எந்த விருப்பப் பாடத்தில் இருக்கிறது? அரசனை இடித்துரைக்கும் துணை ஏன் வேண்டும் என்பதைப் பெரியாரைத் துணைக்கோடலில் படித்தவருக்கு, மேலதிகாரியின் தவறான ஆணையை எப்படி எதிர்கொள்வது என்ற கேள்விக்கு விடை எழுத வேர் இருக்கும். புறநானூற்றின் 184-ஆம் பாடல் வரி வாங்குவதைப் பற்றியது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் காணும். யானையே வயலில் புகுந்தால் வாயால் தின்பதைவிடக் காலால் மிதிபடுவதே அதிகம் என்கிறார் பிசிராந்தையார். 2019 ஜூலை பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் இந்தப் பாடலை மேற்கோள் காட்டினார். கட்டுரைத் தாளில் வரிக் கொள்கை பற்றி எழுதும்போது இந்தப் பாடலை வெறும் அலங்காரமாக இல்லாமல், அதன் தருக்கத்தோடு எடுத்தாள இலக்கியம் படித்தவரால் முடியும்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. நமக்குத்தான் தமிழ் தெரியுமே என்று இதை எடுக்காதீர்கள். மொழி வரலாறு, தொல்காப்பியத் திணைக் கோட்பாடு, திறனாய்வு முறைகள் எல்லாம் முறையாகப் படிக்க வேண்டியவை. பாடல் வரிகளைப் பிழையில்லாமல் நினைவில் வைத்து எழுத வேண்டும். திருத்துபவர் அந்தப் பாடல்களிலேயே ஊறியவர், ஒரு சீர் மாறினாலும் கண்ணில் படும். பன்னிரண்டாம் வகுப்போடு தமிழை விட்டுவிட்டு, இந்தப் பாடல்களைப் படிக்கும்போது ஈடுபாடு வரவில்லை என்றால், மானிடவியலோ சமூகவியலோ எடுப்பது நல்லது.

ஆளுமைத் தேர்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதையும் தமிழில் எதிர்கொள்ளலாம், மொழிபெயர்ப்பாளர் உடனிருப்பார். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர் இதை ஆங்கிலத்தில் எதிர்கொள்ளவும் வழி உண்டு. அது கடைசியில் வரும் கேள்வி. அதை நினைத்து இப்போது மொழியை மாற்ற வேண்டாம்.

முடிவெடுக்க நான் சொல்லும் வழி ஒன்றுதான். முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் ஆணையத்தின் இணையதளத்திலேயே இருக்கின்றன. இரண்டாம் பொதுத் தாளிலிருந்து இரண்டு, மூன்றாம் பொதுத் தாளிலிருந்து இரண்டு என்று நான்கு கேள்விகளை எடுங்கள். சிறியதற்கு 7 நிமிடம், பெரியதற்கு 11 நிமிடம் என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு தமிழில் எழுதுங்கள். பத்து நாள் கழித்து, அதே தரத்தில் வேறு நான்கு கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதுங்கள். உங்களைத் தெரியாத ஒருவரிடம் இரண்டையும் படிக்கக் கொடுங்கள். எந்த விடையில் வாதம் முழுமையாக இருக்கிறது, எது நேரத்தில் முடிந்திருக்கிறது என்று அவர் சொல்லட்டும். பயிற்சி மையத்தின் விளம்பரமும் சென்ற ஆண்டு வென்றவரின் பேட்டியும் சொல்லாததை அந்த எட்டு விடைகள் சொல்லிவிடும்.

இதை விண்ணப்பத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். அனுமதிச் சீட்டில் அங்கீகரித்த மொழியைத் தவிர வேறு மொழியில் எழுதிய விடைக்கு மதிப்பெண் இல்லை என்று ஒவ்வொரு வினாத்தாளின் முகப்பிலும் அச்சிட்டிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் குறிப்புகளையெல்லாம் திரும்ப எழுத வேண்டும், ஒரு முயற்சியும் போய்விடும். பொதுப் பிரிவினருக்கு 32 வயதுக்குள் ஆறு முயற்சிகள், பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயதுக்குள் ஒன்பது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் எண்ணிக்கை வரம்பு இல்லை என்றாலும் 37 வயது என்ற எல்லை இருக்கிறது. முதல்நிலைத் தேர்வில் ஒரு தாளை மட்டும் எழுதினாலும் அது ஒரு முயற்சிதான்.

அந்தப் பொறியாளர் நடுப் பாதைக்கு வந்துவிட்டார். இப்போது மதுரைக் காண்டத்தை உரையோடு படித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் பொதுத் தாள்களைத் தமிழில் எழுத முடிவுசெய்து, விருப்பப் பாடமாக வரலாற்றையும் தமிழிலேயே எடுத்திருக்கிறார். காலையில் சிசாட் தாளிலிருந்து பத்து ஆங்கிலப் பத்திகள், மாலையில் தமிழில் இரண்டு விடைகள். 'அரசு' வரும் இடத்திலெல்லாம் அது எந்த அரசு என்று பென்சிலால் வட்டம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தாளை என்னிடம் நீட்டுகிறார்.